ஜான் மெக்கெய்ன் காலநிலைக்காக நின்றவரா, காலை வாரியவரா?

கேள்வி இது: "அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன், குடியரசுக் கட்சிக்குள் இருந்துகொண்டே காலநிலை மாற்றத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவரப் போராடியவர் என்று சிலர் சொல்கிறார்கள். சரியான நேரத்தில் காலை வாரிவிட்டார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது உண்மை?"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. முதல் ஆள் 2003-ஐப் பார்த்துப் பேசுகிறார், இரண்டாவது ஆள் 2010-ஐப் பார்த்துப் பேசுகிறார். மெக்கெய்ன் 31 ஆண்டுகளுக்கு மேல் செனட்டில் இருந்தவர். அவ்வளவு நீண்ட கணக்கை ஒரு வரியில் முடிக்க முடியாது. ஆனால் அவர் பேசியதை ஓரமாக வைத்துவிட்டு, எந்த நாளில் எப்படி வாக்களித்தார், எந்த நாளில் அவைக்கே வரவில்லை என்று வரிசையாக அடுக்கினால் ஓரளவு தெளிவு கிடைக்கும். அப்படித்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மெக்கெய்ன் பிறவிச் சூழலியலாளர் கிடையாது. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்காக நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்களில் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அங்கேதான் கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து, புவி வெப்பமாவதற்கு உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். 'கேப்டன் கிளைமேட்' என்று மாறுவேடம் போட்ட ஓர் இளைஞர் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து நின்றார். மெக்கெய்னிடம் பதில் இல்லை. திட்டம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, விசாரித்துப் பார்க்கிறேன் என்றார். அரசியல்வாதி சொல்லும் 'பார்க்கிறேன்' பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இவர் நிஜமாகவே பார்த்தார். ஜார்ஜ் புஷ்ஷிடம் உட்கட்சித் தேர்தலில் தோற்று வாஷிங்டனுக்குத் திரும்பியதும், தான் தலைவராக இருந்த செனட் வணிகக் குழுவில் 2000 மே மாதமே அறிவியலாளர்களைக் கூப்பிட்டு விசாரணை அமர்வு நடத்தினார்.

அதே தேர்தலில் புஷ்ஷும் மின் நிலையங்களின் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லியிருந்தார். ஜெயித்து இரண்டு மாதம்கூட நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார், 2001 மார்ச்சில் வாக்குறுதியையும் விட்டார், பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கான சர்வதேச கியோட்டோ ஒப்பந்தத்தையும் கைகழுவினார். புஷ்ஷோடு மெக்கெய்னுக்கு இருந்த பகை ஊரறிந்தது. காலநிலை விஷயத்தில் அவர் காட்டிய வேகத்தில் அறிவியல் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

2003 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் ஜோ லிபர்மேனோடு சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார். மெக்கெய்ன்-லிபர்மேன் மசோதா என்று பெயர் நிலைத்துவிட்டது. அதன் சூட்சுமம் எளிமையானது. நாடு மொத்தமும் ஓர் ஆண்டில் இவ்வளவுதான் பசுங்குடில் வாயு விடலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு போடும். அந்த அளவுக்கு மட்டும் உரிமச் சீட்டுகள் இருக்கும். ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் புகைவிடும் மின் நிலையம், ஆலை, எண்ணெய் நிறுவனம் எல்லாம் தாங்கள் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டைக் கணக்குக் காட்ட வேண்டும். சிக்கனமாக இருந்து சீட்டை மிச்சம் பிடித்தவர் விற்கலாம், பற்றாக்குறை உள்ளவர் வாங்க வேண்டும். இதைத்தான் 'கேப் அண்ட் டிரேட்' என்பார்கள். விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் விலக்கு. இந்த யோசனை இடதுசாரிகளின் கண்டுபிடிப்பு என்று இன்று நினைப்பவர்கள் உண்டு. அமில மழையைக் குறைக்க 1990-இல் கந்தக டை ஆக்சைடுக்கு இதே முறையைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி அதிபர், பெரிய புஷ். மெக்கெய்ன் கையில் எடுத்தது தன் கட்சியின் சொந்தச் சரக்கைத்தான்.

மசோதாவை அவைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. கட்சித் தலைமைக்கு விருப்பமில்லை. சுற்றுச்சூழல் குழுவின் தலைவர் ஜேம்ஸ் இன்ஹோஃப், புவி வெப்பமாதல் என்பதே மக்கள்மீது நடத்தப்பட்ட மிகப் பெரிய புரட்டு என்று 2003 ஜூலையில் அவையில் நின்று பேசியவர். அவருடைய குழுவைத் தாண்டி இந்த மசோதா வெளியே வந்திருக்கவே வராது. அதனால் மெக்கெய்னும் லிபர்மேனும் வேறு வழி பிடித்தார்கள். அந்தக் கோடையில் எரிசக்தி மசோதா ஒன்று நகர்வதற்கு எல்லோருடைய சம்மதமும் தேவைப்பட்டது. எங்கள் மசோதாவுக்கு ஒருநாள் விவாதமும் ஒரு வாக்கெடுப்பும் கொடுங்கள், சம்மதிக்கிறோம் என்று பேரம் பேசி வாங்கினார்கள்.

2003 அக்டோபர் 30-ஆம் தேதி வாக்கெடுப்பு. அந்த வாரம் தெற்கு கலிபோர்னியா காட்டுத்தீயில் எரிந்துகொண்டிருந்தது. மெக்கெய்ன் பெரிய பெரிய படங்களோடு அவைக்கு வந்தார்: சுருங்கும் ஆர்க்டிக் பனி, வெள்ளைத் தொப்பி கழன்றுவரும் கிளிமஞ்சாரோ மலை. முடிவு 43-க்கு 55. தோல்வி. ஆனால் 1997-இல், வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதே என்று இதே செனட் 95-க்கு பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் போட்டிருந்தது. ஆறு ஆண்டில் அங்கிருந்து 43-க்கு வந்தது சாதாரண விஷயமில்லை. அந்த 43-இல் குடியரசுக் கட்சியினர் ஆறு பேர்: மெக்கெய்ன், லிங்கன் சேஃபி, ஒலிம்பியா ஸ்னோ, சூசன் காலின்ஸ், ரிச்சர்ட் லூகர், ஜட் கிரெக். கட்டாய உமிழ்வுக் குறைப்பு எந்தெந்த செனட்டருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று பெயர் பெயராகப் பதிவானது அன்றுதான் முதல்முறை. மெக்கெய்னின் மொத்தக் காலநிலைக் கணக்கில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இந்த ஒரு நாள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர் சளைக்கவில்லை. 2004-இல் ஹிலாரி கிளிண்டன், காலின்ஸ், லிண்ட்ஸே கிரஹாம் முதலானவர்களை நார்வேயின் ஸ்வால்பார்டுக்கும், 2005-இல் அலாஸ்காவுக்கும் அழைத்துப்போய் உருகும் பனியைக் காட்டினார். அலாஸ்காவின் வனவிலங்குப் புகலிடத்தில் எண்ணெய் தோண்டக் கூடாது என்று 2003-இலும் 2005 மார்ச்சிலும் கட்சியை எதிர்த்து வாக்களித்தார். எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்குச் சலுகைகளை வாரி வழங்கிய 2005 எரிசக்திச் சட்டத்தையும் எதிர்த்தார்.

2005 ஜூன் 22-இல் மசோதா மறுபடி வந்தது. இந்த முறை 38-க்கு 60. ஏறியிருக்க வேண்டிய எண் ஏன் இறங்கியது? அணு உலைதான் காரணம். கட்சிக்காரர்களை இழுக்கலாம் என்று புதிய அணு உலைகளுக்கு அரசு உதவி தரும் பகுதியை மெக்கெய்ன் சேர்த்தார். குடியரசுக் கட்சியிலிருந்து புதிதாக ஒருவரும் வரவில்லை. முன்பு ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் சிலரோ அணு உலை பிடிக்காமல் விலகிப் போனார்கள். இருந்ததும் போச்சு. இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. மெக்கெய்ன் கடற்படைக் குடும்பம். அணுசக்தியில் ஓடும் போர்க்கப்பலில் வேலை பார்த்தவர், நாங்கள் அதன்மேல் படுத்துத் தூங்கினோம், ஒன்றும் ஆகவில்லை என்ற தொனியில் கூட்டங்களில் பேசுவார். நாட்டின் மிகப் பெரிய அணு மின் நிலையங்களில் ஒன்றான பாலோ வெர்டே அவருடைய அரிசோனாவில் இருக்கிறது. அணுசக்தி இல்லாமல் கரியமில வாயு குறையாது என்று அவர் மனதார நம்பினார். பிற்பாடு, விலகி நிற்க ஒரு சாக்கு தேவைப்பட்டபோது அதே நம்பிக்கை அவருக்குக் கைகொடுத்தது என்பது வேறு கதை.

2007 ஜனவரியில் மசோதா மூன்றாவது முறையாகத் தாக்கலானது. அப்போது செனட்டராக இருந்த ஒபாமாவும் அதில் கையெழுத்திட்டிருந்தார். ஆனால் மெக்கெய்ன் மறுபடி அதிபர் தேர்தலுக்குக் கிளம்பிவிட்டார். அந்த ஆண்டின் வருகைப் பதிவேடு பரிதாபம். அமெரிக்காவில் ஒவ்வொரு உறுப்பினரின் சூழலியல் வாக்குகளையும் கணக்கிட்டு மதிப்பெண் போடும் இயற்கைப் பாதுகாப்பு வாக்காளர் சங்கம் 2007-இல் அவருக்குக் கொடுத்தது பூஜ்யம். எதிர்த்து வாக்களித்ததால் வந்த பூஜ்யம் இல்லை. அவர்கள் கணக்கில் எடுத்த ஒரு வாக்கெடுப்புக்கும் அவர் வரவில்லை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2007 டிசம்பர் 13. எண்ணெய் நிறுவனங்களின் வரிச்சலுகையைப் பிடுங்கி, காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் கொடுக்கும் மசோதா. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும். கிடைத்தது 59-க்கு 40. நூறு பேரில் வராத ஒரே ஆள் மெக்கெய்ன். வந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பார் என்பது வேறு கேள்வி. ஆனால் வரவில்லை, ஒரு வாக்கில் போச்சு.

2008 மே 12-ஆம் தேதி ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில், வெஸ்டாஸ் காற்றாலை நிறுவனத்தின் வளாகத்தில் நின்று தன் திட்டத்தை அறிவித்தார். நாட்டின் உமிழ்வு 2012-க்குள் 2005-இன் அளவு, 2020-க்குள் 1990-இன் அளவு, 2050-க்குள் 1990-ஐவிட 60 சதவீதம் குறைவு. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவர் கட்டாய உச்சவரம்பைத் தேர்தல் வாக்குறுதியாகக் கொடுத்தார் என்று இன்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், கோடைக்காலம் முடியும்வரை பெட்ரோலுக்கான மத்திய வரியை, காலனுக்கு 18.4 சென்ட், ரத்து செய்யலாம் என்று சொல்லியிருந்தார். புகைக்கு விலை வைப்போம் என்று ஒரு கை எழுதுகிறது, எரிபொருளை மலிவாக்குவோம் என்று மறு கை எழுதுகிறது. ஜூனில் பெட்ரோல் விலை இன்னும் ஏறியதும், கடலோர எண்ணெய்த் தோண்டலுக்கான தடையை எடுக்க வேண்டும் என்று நிலையை மாற்றினார். அதே ஜூனில், அதே உச்சவரம்பு முறையில் அமைந்த லிபர்மேன்-வார்னர் மசோதா செனட்டில் 48-க்கு 36 என்று முடங்கியது. ஆதரவு என்று கடிதம் அனுப்பினார், நேரில் வரவில்லை. ஒபாமாவும் அன்று அதையேதான் செய்தார். ஆகஸ்டில் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார். கட்சி மாநாட்டு அரங்கம் 'தோண்டு, தோண்டு' என்று முழங்கியது. போர்ட்லாந்து உரை அந்த இரைச்சலில் காணாமல் போனது.

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி. 2009-இல் ஒபாமா அதிபர். ஜூன் 26-இல் வாக்ஸ்மேன்-மார்க்கி மசோதா கீழவையில் 219-க்கு 212 என்று தேறியது. அடித்தளம் மெக்கெய்ன் ஆறு ஆண்டாகச் சொல்லிவந்த அதே உச்சவரம்பு முறை. செனட்டுக்கு வந்தால் மெக்கெய்ன் தூக்கிப் பிடிப்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் கடுமையாகத் தாக்கினார். அவர் சொன்ன குறைகள் எல்லாமே சால்ஜாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1,400 பக்கங்களுக்கு மேல் ஊதிப்போன மசோதா அது. தொழிலுக்குத் தொழில் சமாதானம் செய்து, ஆரம்ப ஆண்டுகளில் சுமார் 85 சதவீத உரிமங்களை இலவசமாகப் பங்குபோட்டிருந்தார்கள். அணுசக்திக்குப் போதுமான இடமில்லை என்றும் சொன்னார். சரி, குறை இருந்தால் திருத்தம் கொடுக்கலாமே? ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் கெர்ரியும் லிபர்மேனும் அதற்காகத்தான் அழைத்தார்கள். அணுசக்தியும் தருகிறோம், கடலோரத் தோண்டலும் தருகிறோம் என்று பேச்சு நடந்தது. மெக்கெய்ன் உட்காரவேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் அவருடைய நண்பர் லிண்ட்ஸே கிரஹாம். 2010 ஏப்ரலில் கிரஹாமும் எழுந்து போய்விட்டார். கெர்ரியும் லிபர்மேனும் தனியாக மசோதாவை வெளியிட்ட தேதி 2010 மே 12. போர்ட்லாந்து உரைக்குச் சரியாக இரண்டு வருஷம். ஜூலையில் செனட் தலைமை அதை மூட்டைகட்டி வைத்தது.

அரிசோனாவில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜே. டி. ஹேவொர்த் என்ற முன்னாள் உறுப்பினர், மெக்கெய்ன் உண்மையான பழமைவாதி இல்லை என்று சொல்லி உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்றார். கட்சிக்குள் தீவிரப் பழமைவாதிகளின் டீ பார்ட்டி அலை வேறு. மெக்கெய்ன் இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2010 ஆகஸ்டில் எளிதாக ஜெயித்தார். அந்த ஜூனில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பசுங்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்தவே கூடாது என்ற தீர்மானம் செனட்டுக்கு வந்தது. குடியரசுக் கட்சியினர் 41 பேரும் ஆதரித்தார்கள். மெக்கெய்னும் அந்த 41-இல் ஒருவர். 53 பேர் எதிர்த்ததால் தீர்மானம் தோற்றது.

மெக்கெய்ன் ஒருவர் வந்திருந்தால் மட்டும் சட்டம் தேறியிருக்குமா? சந்தேகம்தான். நிலக்கரி மாநிலங்களின் ஜனநாயகக் கட்சியினரே பின்வாங்கினார்கள், மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் அறுபதாவது இடமும் பறிபோயிருந்தது. ஆனால் அவர் இருந்தால் ஸ்னோவுக்கும் காலின்ஸுக்கும் ஒதுங்க ஒரு நிழல் கிடைத்திருக்கும். அது இல்லாமல் போனது.

தேர்தல் பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நண்பர்கள் சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. காரணம் சொல்கிறேன். 2010-இல் அவர் இரண்டு விஷயங்களில் பின்வாங்கினார். ஒன்று காலநிலை. இன்னொன்று குடியேற்றம்: பல ஆண்டு குடியேற்றச் சீர்திருத்தம் பேசியவர், எல்லையில் வேலியைக் கட்டி முடியுங்கள் என்று விளம்பரம் கொடுத்தார். ஜெயித்த பிறகு ஆறு ஆண்டு நிம்மதி. 2013-இல் இரு கட்சி செனட்டர்களின் எண்மர் குழுவில் சேர்ந்து, கட்சியின் பெரும்பகுதி கோபித்துக்கொண்டாலும் குடியேற்ற மசோதாவை 68-க்கு 32 என்று செனட்டில் நிறைவேற்ற உதவினார். அதாவது குடியேற்றத்துக்குத் திரும்பி வந்தார். காலநிலைக்குத் திரும்பவே இல்லை. ஒரு மசோதா இல்லை, ஒரு பயணம் இல்லை. 2011 ஏப்ரலில் சுற்றுச்சூழல் முகமையின் கையைக் கட்டும் திருத்தத்துக்கு ஆதரவு (50-க்கு 50 என்று தோற்றது, குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர் காலின்ஸ் மட்டும்). 2015 நவம்பரில் ஒபாமாவின் மின் நிலைய உமிழ்வு விதியை ரத்து செய்யவும் ஆதரவு. பயம் போன பிறகும் மனம் திரும்பவில்லை என்றால், காலநிலை அவருக்கு உண்மையான அக்கறைதான், ஆனால் பாதுகாப்பு, தேர்தல் நிதி, குடியேற்றம் எல்லாவற்றுக்கும் பின்னால் வரிசையில் நின்ற அக்கறை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

2015 ஜனவரி 21-இல் நடந்தது ஒரு வேடிக்கை. காலநிலை மாற்றம் நிஜமா, மனிதர்தான் காரணமா என்று செனட் வாக்கெடுத்தது. நிஜம்தான், புரட்டு இல்லை என்பதற்கு 98 பேர் ஆதரவு. மனிதச் செயல்பாடு 'பங்களிக்கிறது' என்ற வாசகத்துக்கு மெக்கெய்ன் உட்பட குடியரசுக் கட்சியினர் 15 பேர் கைதூக்கினார்கள். 'கணிசமாகப் பங்களிக்கிறது' என்று ஒரே ஒரு சொல் கூடிய அடுத்த வாசகத்துக்கு ஐந்து பேர்தான். மெக்கெய்ன் அந்த ஐவரில் இல்லை. பன்னிரண்டு ஆண்டு முன்னால் கிளிமஞ்சாரோ படத்தோடு வந்தவர் 'கணிசமாக' என்ற சொல்லில் நழுவினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது.

இயற்கைப் பாதுகாப்பு வாக்காளர் சங்கத்தின் வாழ்நாள் மதிப்பெண் அவருக்கு நூற்றுக்கு 20 அளவில்தான் நின்றது. வராத நாளையும் அவர்கள் எதிர் வாக்காகவே எண்ணுவதால் அது கொஞ்சம் கடுமையான கணக்கு. ஆனாலும் மெக்கெய்ன்-லிபர்மேன் என்ற பெயரை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண் அதிர்ச்சியாக இருக்கும்.

கடைசியாக ஒரு வாக்கு. 2016 நவம்பரில் 80 வயதில் ஆறாவது முறையாக செனட்டுக்கு ஜெயித்தார். டிரம்ப் ஆட்சி வந்தது. அரசு நிலங்களில் எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவர்கள் மீத்தேனைக் காற்றில் விடவும் வீணாக எரிக்கவும் கூடாது என்று ஒபாமா காலத்தில் போட்ட விதியை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2017 மே 10. கிரஹாமும் காலின்ஸும் எதிர்ப்பது முன்பே தெரியும். 50-க்கு 50 வந்தால் துணை அதிபர் மைக் பென்ஸ் தன் வாக்கைப் போட்டு முடித்துவிடலாம் என்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கே வந்து காத்திருந்தார். மெக்கெய்ன் எதிர்த்து வாக்களித்தார். 49-க்கு 51. பென்ஸுக்கு வேலை இல்லாமல் போனது. மூளைப் புற்றுநோய் தெரியவந்தது ஜூலையில்தான். சாகப்போகிறவரின் மனமாற்றம் என்று இதை எழுதுபவர்கள் தேதியைப் பார்க்கவில்லை.

அவர் சொன்ன காரணமும் சட்ட நுணுக்கம் சார்ந்தது. அந்த விதி அவருக்கும் முழுக்கப் பிடிக்கவில்லை. அதைப் போட்ட அரசுத் துறையே அதைத் திருத்தட்டும் என்றார். இந்த வகைத் தீர்மானத்தால் ஒரு விதி செத்தால், காங்கிரஸ் புதிதாகச் சட்டம் போடாதவரை அதைப் போன்ற இன்னொரு விதியைத் துறை கொண்டுவரவே முடியாது. அதுதான் அவருக்கு உறுத்தியது. மெக்கெய்ன் 2018 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். அடுத்த மாதமே டிரம்ப் அரசு அந்த விதியின் பெரும்பகுதியைத் தானாகவே நீக்கியது, பிறகு அது நீதிமன்றங்களில் இழுபட்டது. 2024 மார்ச்சில் அதே துறை அதே விஷயத்துக்குப் புதிய விதி ஒன்றை எழுதி வெளியிட்டது. 2017 மே மாதம் அந்தத் தீர்மானம் தேறியிருந்தால், அதை எழுத அவர்களுக்கு அதிகாரமே இருந்திருக்காது.